ஓடிடி சந்தாக்களை முழுவதுமாக விட்டவர்கள் இருக்கிறீர்களா? அதன் பிறகு எதை, எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

இரவுவாசகி:

வணக்கம். கடந்த ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நான்கு ஓடிடி சந்தாக்களும் ஓர் இசைச் சந்தாவும் இருந்து வருகின்றன. இந்த மாத இறுதியோடு அவை அனைத்தையும் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். செலவும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இரண்டை நிறுத்திவிட்டு மற்றவற்றை வைத்துக்கொண்டிருப்பேன். இங்கே வந்து கேட்டிருக்கவும் மாட்டேன்.

சென்ற மாதம் ஓர் இரவு அம்மாவும் நானும் ஒரு படம் பார்த்து முடித்தோம். அதில் வந்த ஒரு பாட்டின் குரல் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாடியவர் யார் என்று கடைசியில் பெயர்கள் ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர்கள் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே அந்தக் காட்சி திரையின் ஒரு மூலைக்குள் சுருங்கிப்போனது. மீதித் திரை முழுவதும் வேறொரு படத்தின் முன்னோட்டம் ஓடியது. அதன் கீழே ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அந்தப் படம் ஓடவே தொடங்கிவிட்டது. "சரி, விடு" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். மறுபடி பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டதும், உடனே எழுந்து போனதும் இன்னும் என் மனத்தை உறுத்துகின்றன.

அதற்கு அடுத்த வாரம், கடந்த மூன்று மாதங்களில் நான் பார்த்தவை எவை என்று நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 11 பெயர்களுக்கு மேல் வரவில்லை. பிறகு தளங்களில் இருக்கும் 'பார்த்தவை' பட்டியலைத் திறந்து எண்ணினேன், 63 இருந்தன. அவற்றில் சிலவற்றின் பெயரைப் படித்த பிறகும் கதை நினைவுக்கு வரவில்லை. அவை மோசமான படைப்புகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவற்றை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை, கண்முன் வந்து நின்றதைப் பார்த்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனவே, ஏற்கெனவே விட்டவர்களிடம் கேட்கிறேன். விட்ட பிறகு எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? புதிதாக வருபவை உங்கள் காதுக்கு எந்த வழியாக வந்து சேர்கின்றன? தளங்களில் பணம் கொடுத்து 'வாங்கிய' சில படங்களும் என்னிடம் உள்ளன. சந்தாவை நிறுத்தினாலும் அவை என்னோடு இருக்குமா? வீட்டில் தம்பிக்கு இந்த முடிவில் அவ்வளவாக உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுவதும் விடுவதுதான் சரியா, குறைத்துக்கொண்டாலே போதுமா என்பதையும் உங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஒலிநாடா:

நான் நிறுத்தி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1998இல் டிவிடிகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பும் தொழிலைத்தான் தொடங்கியது. அஞ்சலில் வட்டு வர வேண்டுமானால் வாடிக்கையாளர் முதலில் தமக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்திப் பட்டியலிட்டாக வேண்டும். வந்த வட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்தது வரும். 2007இல் இணையவழியாகப் படம் காட்டத் தொடங்கினார்கள். ஒரு பகுதி முடிந்ததும் பெயர்களைச் சுருக்கிவிட்டு அடுத்ததைத் தானாக ஓடவிடும் முறை 2012இல் வந்தது. 2013இல் ஒரு தொடரின் முதல் சீசன் முழுவதையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். தொடக்க இசையைத் தாண்டிச் செல்லும் பொத்தான் 2017இல் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இவை ஒவ்வொன்றும் சிறு வசதிதான், பலவற்றை நானே விரும்பிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் சேர்த்துப் பார்த்தால், ஒரு படைப்பைத் தேர்ந்தெடுப்பது, பார்த்து முடித்ததும் நிறுத்துவது என்ற இரண்டு வேலைகளும் மெல்ல மெல்ல நம் கையைவிட்டு அவர்கள் கைக்குப் போயிருப்பது தெரியும். முன்பெல்லாம் தொடர்ந்து பார்க்க நாம் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. இப்போது நிறுத்துவதற்குத்தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல், தங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். முன்னோட்டங்கள் தாமாக ஓடுவதை நிறுத்திவைக்கும் வசதியைப் பயனர்களுக்குக் கொடுக்க 2020 பிப்ரவரி வரை ஆயிற்று.

பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே, தகவல் பெருகும் இடத்தில் கவனம் வறுமைப்படும் என்ற பொருளில் எழுதினார். அந்தக் கவனத்தை எங்கே வைப்பது என்று நாம் முடிவு செய்யாவிட்டால் வேறொருவர் முடிவு செய்வார். ஆகையால் சந்தாவை நிறுத்துவதை நான் துறவு என்று நினைக்கவில்லை. அந்த இரண்டு வேலைகளைத் திரும்ப நம் கையில் எடுத்துக்கொள்கிறோம், அவை உண்மையிலேயே உழைப்பைக் கேட்கும் வேலைகள். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் பாதியில் திரும்ப மாட்டீர்கள்.

நான் செய்வது இதுதான். மேசை மேல் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. ஒரு படத்தைப் பற்றியோ, இசைத் தொகுப்பைப் பற்றியோ, நூலைப் பற்றியோ கேள்விப்பட்டால் அதன் பெயரையும், யார் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்பதையும், அன்றைய தேதியையும் அதில் எழுதுவேன். எழுதிய அன்றே எதையும் பார்ப்பதில்லை. குறைந்தது ஒரு வாரம் கிடக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது பாதிக்கு மேற்பட்டவற்றின் மீது ஆசையே இருக்காது, அவற்றை அடித்துவிடுவேன். அடிபடாமல் நிற்பவற்றைத்தான் தேடிப் போகிறேன். 'யார் சொன்னது' என்ற அந்தக் குறிப்புதான் எனக்கு இன்று மிகவும் பயன்படுகிறது. எவருடைய பரிந்துரைகள் எனக்குப் பொருந்துகின்றன, எவருடையவை பொருந்தவில்லை என்பது ஓராண்டில் தெளிவாகிவிட்டது. அப்படிப் பொருந்துகிற நான்கைந்து பேர் இருந்தால் ஆண்டு முழுவதற்கும் போதும்.

புதியவை காதுக்கு வருவதற்கு, நாம் தேர்ந்தெடுத்த வலைத்தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் ஆர்எஸ்எஸ் ஓடை வாசிப்பான் ஒன்றை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட வாசிப்பானாக இருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதோடு அந்த முறையே அழிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது அழியவில்லை, பாட்காஸ்டுகள் இன்றும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நம்மை வந்தடைகின்றன. எனக்குப் பிடித்த விமர்சகர்கள் ஏழு பேரின் வலைத்தளங்களை அதில் சேர்த்திருக்கிறேன். ஏழு பேரும் எழுதியதைப் படித்துவிட்டால் அன்றைய ஓடை முடிந்துவிடும். அது முடிந்துவிடுகிறது என்பதே எனக்கு அதில் பிடித்த குணம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சந்தாவை நிறுத்திய முதல் மாதத்தில், முன்பு தொடர்களுக்குக் கொடுத்த நேரத்தை அப்படியே கைப்பேசியின் குறுங்காணொளிகளுக்குக் கொடுத்தேன், அது தொடர்களைவிட மோசமாகவே இருந்தது. முடிவே இல்லாமல் திரையை நகர்த்திக்கொண்டே போகும் அந்த அமைப்பை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாகப் பலமுறை பேசியிருக்கிறார். தொடரிலாவது பகுதிக்கு ஒரு முடிவு இருந்தது. ஆகவே சந்தாக்களை நிறுத்தும் நாளிலேயே அந்தச் செயலிகளையும் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் மூன்று வாரங்கள், வழக்கமாகப் பார்க்க உட்காரும் நேரத்தில் கை தானாக ரிமோட்டைத் தேடும். நான்காவது வாரத்தில் தேடாது.

வட்டுப்பெட்டி:

மேலே நண்பர் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டார். 'வாங்கிய' படங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் விடை சொல்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் எனக்கு அடிபட்ட அனுபவம் உண்டு. இணையக் கடை ஒன்றில் சில ஆண்டுகளாக 14 படங்கள் வாங்கியிருந்தேன். கடையை மூடுவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அந்தப் பக்கமே திறக்கவில்லை. அதில் இரண்டு படங்களை இன்றுவரை வேறு எங்கும் என்னால் வாங்க முடியவில்லை.

சந்தாவை நிறுத்தினாலும் பொதுவாக 'வாங்கிய' படங்கள் உங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருந்தாலும், பெரும்பாலான இடங்களில் நீங்கள் பெறுவது பார்க்கும் உரிமம் மட்டுமே. அந்தப் படைப்பின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தமாவதில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நூல்கள் இரண்டை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியது. விற்றவருக்கு அந்தப் பதிப்பை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது, நிறுவனத் தலைவரே மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துச் செல்ல யாராவது கதவைத் தட்ட வேண்டும், இங்கே அதற்கும் தேவை இருக்கவில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் எல்லாம் திறக்க முடியாதவையாகிவிட்டன. அங்கும் பணம் திரும்பி வந்தது, நூல்கள் வரவில்லை. படங்களுக்காகப் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற சேமிப்புச் சேவையும் அதே ஆண்டு ஜூலை 31 அன்று மூடப்பட்டது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் வாங்கியிருந்த டிஸ்கவரி நிறுவன நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்த பிறகு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டு அவற்றைத் தக்கவைத்தது. இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பிறகுதான், விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

சந்தாவில் கிடைப்பவற்றின் நிலையும் இதுவே. மற்றவர்களிடம் உரிமம் வாங்கிக் காட்டும் படங்கள் காலம் முடிந்ததும் போய்விடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் 2023 மே மாதத்தில் டிஸ்னி, தன் தளத்துக்காகத் தானே தயாரித்த பல தொடர்களையும் படங்களையும்கூடக் கணக்குவழக்குக் காரணங்களுக்காக நீக்கியது. அவற்றில் சில வெளிவந்து ஓராண்டுகூட ஆகாதவை. வட்டாக வெளிவராத படைப்பு தளத்திலிருந்து போய்விட்டால், அதில் உழைத்தவர்களே தங்கள் வேலையை அடுத்தவருக்குக் காட்ட வழியில்லாமல் போகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

எனவே திரும்பத் திரும்பப் பார்க்க விரும்புபவற்றை நான் வட்டாக வாங்குகிறேன். இதில் தரமும் சேர்ந்து வருகிறது. மிக உயர்ந்த தெளிவான 4கே தரத்தில் இணையவழியாகப் பார்க்க விநாடிக்கு 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது; 4கே ப்ளூ-ரே வட்டில் அது 128 மெகாபிட் வரை போகலாம். இருட்டுக் காட்சிகளில் இந்த வேறுபாடு வெறும் கண்ணுக்கே தெரியும். இணையவழியில் கறுப்பு கட்டங்கட்டமாக உடைந்து நெளியும் இடத்தில், வட்டில் சுவரின் காரை பெயர்ந்திருப்பது தெரியும்.

வாங்கும் முன், வட்டு உலகின் எந்தப் பகுதிக்கானது என்பதைக் காட்டும் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடிகளுக்கு எண்களும், ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்ற எழுத்துகளும் உண்டு. உங்கள் கருவியின் மண்டலத்தோடு பொருந்தாத வட்டு ஓடாது. 4கே ப்ளூ-ரேக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை மட்டும் பார்க்க வேண்டியவற்றுக்குப் பொது நூலகத்தை முதலில் கேளுங்கள். பல நூலகங்களில் வட்டுகளும் இரவல் கிடைக்கும். வட்டிலிருந்து கணினிக்குப் பிரதி எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, ஆகவே அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து, ஜெல்லிஃபின் போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு வீட்டுக்குள்ளேயே எல்லா அறைகளிலும் பார்க்கலாம். அதில் உங்கள் பார்வைப் பழக்கத்தை வெளியே இருந்து எண்ணுபவர் எவரும் இல்லை.

வட்டும் என்றென்றும் இருக்காது என்பதை மறைக்க மாட்டேன். சரியாகத் தயாரிக்கப்படாத வட்டுகளின் உள்ளடுக்கு காலப்போக்கில் கெட்டுவிடும். ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் செத்துப்போகும். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதுதான் சேமிப்பில் அக்கறையுள்ளவர்கள் பின்பற்றும் கணக்கு.

மௌனவரி:

மேலே இருவர் சொன்னதையும் மதிக்கிறேன். ஆனால் எல்லோராலும் ஒரே மாதிரி விட்டுவிட முடியாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே செவித்திறன் குறைவு. திரையரங்குகளில் வசன வரிகளோடு படம் ஓடும் காட்சி அரிதாகவே அமையும். சிறுவயதில் வீட்டுக்கு வந்த டிவிடிகளில் பாதிக்கு எனக்குப் புரியும் மொழியில் வசன வரிகள் இருந்ததில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வான், நான் அவன் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

ஓடிடி தளங்கள் அன்பினால் இதை மாற்றிவிடவில்லை. அமெரிக்காவின் தேசியக் காதுகேளாதோர் சங்கம் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குத் தொடுத்து, 2012இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2014க்குள் தன் தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் வசன வரிகள் சேர்ப்பதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை விவரிக்கும் ஒலித்தடம் 2015 ஏப்ரலில் அங்கே வந்தது. கேட்டுப் பெற்ற இந்த வசதிகள் இன்று பல தளங்களில் வழக்கமாகிவிட்டன. நான் முன்பே மூன்று முறை பார்த்திருந்த ஒரு படத்தை, பேச்சோடு மற்ற ஒலிகளையும் எழுத்தில் சொல்லும் வசன வரிகளோடு முதன்முதலாகப் பார்த்தபோது, இருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சியில் 'தொலைவில் மழை' என்று கீழே வந்தது. அந்தக் காட்சியில் மழை பெய்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சன்னலைக்கூடக் காட்டாத காட்சி அது. அன்றிரவு அந்த இரண்டு சொற்களுக்காகவே அதை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஆகையால் நான் விடவில்லை, ஆனால் முறையை மாற்றிக்கொண்டேன். எந்த நேரத்திலும் ஒரே ஒரு சந்தா, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும். சந்தா எடுத்த அன்றே ரத்தும் செய்துவிடுவேன். பெரும்பாலான தளங்களில் கட்டிய காலம் முடியும்வரை பார்க்க முடியும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வழி மட்டும் அடைபட்டுவிடும். எடுப்பதற்கு முன்பே அந்தத் தளத்தில் பார்க்க வேண்டியவை நோட்டில் ஐந்தாறு சேர்ந்திருக்க வேண்டும். மாதம் முடிந்ததும் இரண்டு மாதம் எதுவும் இல்லை. பிறகு வேறொரு தளம். முகப்புப் பக்கத்தில் உலவுவதே இல்லை. நேராகத் தேடல் பெட்டிக்குப் போய்ப் பெயரைத் தட்டிப் படத்தைத் திறப்பேன்.

பழைய ஒலிநாடா அவர்கள் சொன்ன இரண்டு வேலைகளையும் சந்தாவை வைத்துக்கொண்டே நம் கையில் எடுக்க முடியும் என்பது என் அனுபவம். உடன்பாடில்லாத தம்பிக்கும் இது ஒத்துவரலாம்.

மெட்டுக்காரன்:

இசையைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். சொந்தமாக மெட்டமைத்து வெளியிடும் பழக்கம் எனக்கு உண்டு. இதை வாழ்க்கைத் தொழிலாகச் செய்யவில்லை.

இசைச் சந்தா கட்டுபவர்களில் பலர், தாங்கள் கேட்கும் பாடகருக்குத் தங்கள் பணம் போய்ச் சேர்கிறது என்று எண்ணுகிறார்கள். 2008இல் தொடங்கப்பட்ட ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட பெரிய சேவைகளில் வழக்கமான முறை அதுவன்று. வந்த பணத்தை எல்லாம் ஒரே குவியலாகச் சேர்த்து, மொத்தம் கேட்கப்பட்ட எண்ணிக்கையில் யாருக்கு எத்தனை பங்கோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுவதும் ஒரே ஒரு நாட்டுப்புறப் பாடகரை மட்டும் கேட்டாலும், உங்கள் பணத்தின் பெரும்பகுதி நீங்கள் ஒருபோதும் கேட்காதவர்களுக்கே போகும். முப்பது நொடி ஓடினால்தான் அங்கே ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையே கிடையாது. என் பாட்டுகளில் சில இந்த எல்லைக்குக் கீழே கிடக்கின்றன. அந்த முப்பது நொடிக் கணக்கு மெட்டமைக்கும் மேசைவரை வந்துவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீண்ட ஆலாபனையோடு தொடங்கிய ஒரு பாட்டில், குரலை முன்னே கொண்டுவந்துவிடலாமா என்று நண்பர் கேட்டபோது நான் சரி என்றேன். இப்போது அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் வெட்டிய இடம் எனக்குத் தெரிகிறது.

திரைத்துறையிலும் இதற்கு இணையான வருத்தம் இருந்தது. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓடிடியில் தங்கள் படைப்பு எத்தனை மணி நேரம் பார்க்கப்படுகிறது என்பதே தெரியாமல் பேரம் பேச வேண்டியிருந்தது அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று. பார்வை மணிக்கணக்கைச் சங்கத்துக்குத் தர வேண்டும், அதிகம் பார்க்கப்படுபவற்றுக்குக் கூடுதல் தொகை தர வேண்டும் என்ற விதிகள் அந்த வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த ஒப்பந்தத்தில்தான் வந்தன.

சந்தாப் பணத்தை மிச்சப்படுத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் ஒரு பகுதியையாவது மாதத்துக்கு ஒரு முழு இசைத் தொகுப்பை வாங்கச் செலவிடுங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் கலைஞரிடமிருந்தே வாங்கலாம். பூட்டு இல்லாத, தரம் குறையாத எஃப்எல்ஏசி கோப்பாகவே தருவார்கள், அது உங்கள் ஹார்ட் டிஸ்கில் உங்களுடையதாகவே இருக்கும். குறுந்தகட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் இருக்கிறது. இணையவழியாகக் கேட்கும் சுருக்கப்பட்ட இசையின் உயர்தரம் என்று பொதுவாகக் கொடுப்பது 320. இந்த வேறுபாடு எல்லோர் காதுக்கும் தெரியும் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் ஒரு தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, வேறு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேட்பதன் வேறுபாடு யாருக்கும் தெரியும். மூன்றாம் முறை கேட்கும்போது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் வரும் அந்த இரண்டு நொடி அமைதியில் அடுத்த பாட்டின் சுருதி தானாகவே மனத்தில் எழும். பாட்டுகளைக் கலைத்துப் போட்டு ஓடவிடும்போது அது எனக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை.

இரவுவாசகி:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்; தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நால்வர் சொன்னதையும் அச்செடுத்து வீட்டில் எல்லோரிடமும் படிக்கக் கொடுத்தேன்.

ஐந்து சந்தாக்களையும் நிறுத்திவிட்டோம். மௌனவரி அவர்கள் சொன்ன முறைப்படி, ஒரு மாதத்துக்கு ஒரே தளத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். எடுத்த அன்றே ரத்தும் செய்தான். நோட்டில் ஆறு பெயர்களை எழுதிவைத்து அவற்றில் நான்கைப் பார்த்தான்; ஐந்தாவதைப் பாதியில் நிறுத்தியது தனக்குப் பிடித்திருந்தது என்றான். முன்பெல்லாம் பிடிக்காததையும் அவன் கடைசிவரை ஓடவிட்டுக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எனக்கு முதல் இரண்டு வாரங்கள் கடினமாகவே இருந்தன. இரவு ஒன்பது மணிக்கு வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருப்பதுபோல் தோன்றியது, அந்த அமைதியை எப்படி எதிர்கொள்வது என்று தெரியாமல் ஒருநாள் அலமாரி முழுவதையும் அடுக்கி வைத்தேன். மூன்றாம் வாரத்தில் பழைய ஒலிநாடா அவர்கள் சொன்ன ஓடை வாசிப்பானை அமைத்துக்கொண்டேன். மெட்டுக்காரன் அவர்கள் சொன்னபடி ஒரு தொகுப்பு வாங்கினேன். இதுவரை ஐந்து முறை முழுதாகக் கேட்டிருக்கிறேன், அந்த இரண்டு நொடி அமைதி எனக்கும் கிடைத்தது. நோட்டில் இதுவரை 27 பெயர்கள் ஏறி, 16 அடிபட்டிருக்கின்றன. பார்த்தவை ஏழு. ஏழின் கதையையும் இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அம்மாவும் நானும் அன்று பார்த்த அதே படத்தின் வட்டு நூலகத்தில் இருந்தது. போன சனிக்கிழமை எடுத்து வந்து மறுபடி பார்த்தோம். முடிந்ததும் யாரும் எதையும் தொடவில்லை. பெயர்கள் கறுப்புத் திரையில் அவற்றுக்கு உரிய வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தன. பாடல்கள் என்ற தலைப்பு வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அம்மா எழுந்து திரைக்கு அருகில் போய், விரலால் தொட்டுக்கொண்டே அந்தப் பெயரை உரக்கப் படித்தார். அந்தப் பாடகியின் வேறு பாட்டுகள் எங்கே கிடைக்கும் என்பது நோட்டில் இப்போது அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. 'யார் சொன்னது' என்ற இடத்தில் 'படத்தில் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறார்.

வட்டுப்பெட்டி அவர்களிடம் ஒரு கேள்வி. அந்த வட்டில் ஒரு காட்சி இரண்டு இடங்களில் நின்று நின்று ஓடியது. பின்பக்கத்தில் விரல் ரேகைகளும் ஒரு மெல்லிய கீறலும் தெரிகின்றன. நூலக வட்டு என்பதால் ஏதாவது செய்து கெடுத்துவிடக் கூடாது. எப்படித் துடைப்பது?

வட்டுப்பெட்டி:

உங்கள் அம்மா அந்தப் பெயரைப் படித்தது குறித்து மிகவும் மகிழ்ந்தேன்.

இழையோ தூசியோ இல்லாத மென்மையான துணியைச் சிறிது சுத்தமான நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் தடம் வட்டமாக ஓடுவதால், அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியான பகுதி முழுவதும் போய்விடும். குறுக்கே விழும் கீறலைக் கருவி பெரும்பாலும் சமாளித்துவிடும். பற்பசை, கண்ணாடி துடைக்கும் திரவம் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே கருவிக்குள் வையுங்கள். ரேகைகள் போன பிறகும் நின்று ஓடினால் கீறல்தான் காரணம். திருப்பிக் கொடுக்கும்போது நூலகரிடம் சொல்லிவிடுங்கள், வட்டைத் தேய்த்துச் சீராக்கும் கருவி சில நூலகங்களில் உண்டு.